தட்டில் வளர்ந்த ஈரல்

"ஈரல்னா வறுவலுக்குத்தானுங்க ஆகும். அதைத் தட்டுல போட்டு வளத்து, அதுகிட்டப் போயி எங்க பட்டறைத் தண்ணி நல்லாருக்குதான்னு கேட்டீங்களாக்கும்?"

சாயப்பட்டறை முதலாளி சென்னிமலை சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்தால் மேனேஜர் அங்கமுத்துவும் சிரிக்க வேண்டும். அதுவும் சம்பளத்தில் சேர்ந்த வேலைதான். ஆனால் இன்று அங்கமுத்துவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த ஷாஸியா சிரிக்கவில்லை. கோயம்புத்தூர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். பட்டறையில் சுத்தம் செய்து வெளியே வரும் சாயத்தண்ணீரால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்தால்தான், பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் இங்கே துணிக்குச் சாயம் போட விடுவான். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டுதான்.

"உடம்புக்குள்ள போற எதையும் மொதல்ல சமாளிக்கறது ஈரல்தானுங்க சார். அதனாலதான் ஈரல் செல்லை வளத்து, அதுல நீங்க அனுப்பின தண்ணிய விட்டுப் பார்த்தோம்."

செல்போனில் இரண்டு படங்களைக் காட்டினாள். முதல் படத்தில் செல்கள் டைல்ஸ் ஒட்டியதுபோல் நெருக்கமாகப் பதிந்திருந்தன.

"இது நல்ல தண்ணி விட்டதுங்க."

இரண்டாவது படத்தில் உருண்டு உருண்டு, தனித்தனியாக மிதந்தன.

"இது உங்க தண்ணி விட்டது. எல்லாமே செத்துப்போச்சு."

"செத்துப்போச்சுங்களா? எனக்கு ஜவ்வரிசியாட்டத் தெரியுது. அங்கமுத்து, பாயசத்துக்கு ஆகுமான்னு பாரு."

அங்கமுத்து தரையைப் பார்த்தார்.

"ஆரோட ஈரலுங்க அது? எவனாச்சும் குடிகாரனோடதா இருக்கும். எங்கூட்டு ஆளு ஈரலக் கொண்டுபோயி வெச்சுப் பாருங்க அம்மணி. இரும்பாட்ட நிக்கும்."

ஷாஸியா ஜன்னல் வழியே பார்த்தாள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் ஓடவில்லை. கரண்டு செலவாகும் என்று, அதிகாரிகள் வரும் நாளில் மட்டும்தான் அதற்கு உயிர் வரும். மற்ற நாட்களில் சாயத்தண்ணீர் பின்பக்கத்துப் பழைய போர்வெல் குழிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இன்று அவள் சொல்லாமல் வந்துவிட்டாள்.

"மெஷின் ஓடலீங்களா சார்?"

"அதுக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமுங்களா?"

வீடும் பட்டறையும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. சென்னிமலையின் மனைவி மருதம்மாள் தண்ணீர்ச் சொம்போடு உள்ளே வந்தாள்.

"வெயில்ல வந்திருக்கறீங்க. குடிங்க கண்ணு."

"இருக்கட்டுங்க அக்கா" என்று ஷாஸியா பையிலிருந்த பாட்டிலைக் காட்டினாள்.

"காசு குடுத்து பாட்டில் தண்ணி குடிக்கறவங்க. படிச்சவங்களாச்சே!" சென்னிமலை அந்தச் சொம்பை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு நீட்டினார். மருதம்மாள் மூலையிலிருந்த பானையிலிருந்து அதை மறுபடி நிரப்பிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். நிற்கவே சிரமப்படுவதுபோல் இருந்தது.

"உடம்பு செரியில்லீங்களா அக்கா? கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குதே."

"காமாலையாட்ட இருக்குதுங்க. டாக்டரு நெறையத் தண்ணி குடிக்கச் சொல்லீருக்காரு. ஓயாம குடிச்சுட்டேதான் இருக்கறேன், ஒண்ணும் கேக்கமாட்டீங்குது."

"இவங்க வைத்தியம் பாக்க வரல மருதா" என்றார் சென்னிமலை. "நம்ம பட்டறைய இழுத்துச் சாத்தறதுக்கு வந்திருக்காங்க. அதுவும் ஆரு பேச்சக் கேட்டு? ஒரு ஈரலு பேச்சக் கேட்டு!"

ஷாஸியா பொறுமையாகச் சொன்னாள். "சார், மத்த பட்டறைத் தண்ணியும் பார்த்திருக்கறோம். இவ்வளவு மோசமா எதுவும் வரல. எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. அதனாலதான் நேர்ல வந்தேன். தண்ணி வெளிய போற கடைசித் தொட்டியில நானே ஒருக்கா தண்ணி எடுத்துக்கறேன். மறுபடி டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்."

சென்னிமலையின் சிரிப்பு சட்டென்று அடங்கியது.

"அதெல்லாம் ஆகாதுங்க. தொட்டிப் பக்கம் ஆரையும் உடறதில்ல."

"அப்ப இந்த ரிப்போர்ட்டத்தான் பையருக்கு அனுப்பணும். இப்பவே அனுப்பீருவனுங்க."

அவள் விரல் செல்போன் மேல் போனது.

"அண்ணா, உட்ருங்கண்ணா..." என்று அங்கமுத்து மெல்ல இழுத்தார். சென்னிமலை கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஜெயித்துவிட்டவர் முகம் அது.

"அனுப்புங்க! தாராளமா அனுப்புங்க! பொறவு உங்க லேபோட லட்சணத்தை ஊருக்கே நான் சொல்றேன். அங்கமுத்து, நீ என்ன தண்ணியக் கேன்ல புடிச்சுட்டுப் போனேன்னு சொல்லு."

அங்கமுத்து கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"அவன் பயப்படறான், நானே சொல்றேன். சாயத்தண்ணியக் குடுத்தா எப்படியும் நொட்டை சொல்லுவீங்கன்னு தெரியுமுங்க. அதனால ஒரு சொட்டுச் சாயத்தண்ணியக்கூட நான் அனுப்புல. நீங்க ஈரல் செத்துப்போச்சுன்னு சொல்ற தண்ணி, எங்கூட்டுக் கெணத்துத் தண்ணி! நாங்க தினமும் குடிக்கற தண்ணி! இப்பச் சொல்லுங்க அம்மணி, ஆரு பித்தலாட்டக்காரங்க?"

ஷாஸியா எழுந்துபோய், மருதம்மாள் வாயருகே கொண்டுபோயிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.