பூரணத்தின் மருமகன்

பூரணம் கொண்டுவந்து வைத்தது தேநீர் இல்லை. மூடி திறக்காத சோடாப் போத்தல். பக்கத்தில் ஓப்பனர்.

தன் வீட்டுக் கிளாசில் ஏரம்பர் வாய் வைக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்பதை அவருக்கும் காட்டிவிட்டாள்.

"குடியுங்கோ ஐயா. கொம்பனி அடைச்சது. எங்கடை கை படேல்லை."

ஏரம்பர் போத்தலைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தார். உரும்பிராயிலிருந்து அரியாலைக்கு வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததில் தொண்டை காய்ந்து ஒட்டியிருந்தது. பரம்பரையாகக் கோவில் மணியம் பார்த்து வந்த வீட்டு மனிதர். இந்தப் படலையைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போய்த்தான் கடைசியில் திறந்தார்.

காரியம் என்னவோ சின்னதுதான். மகள் பத்மாசினி அமெரிக்காவுக்குப் புருசனிடம் போகவேண்டும். அவள் புருசன் பஞ்சலிங்கத்துக்கு அங்கே இருக்க உரிமை உண்டு. ஆனால் பகலில் படிக்கிறார், இரவில் பெற்றோல் ஷெட்டில் நிற்கிறார். ஒரு மனைவியை வைத்துப் பார்க்க அந்த உழைப்புக் காணாது என்று கொழும்பில் விசா அதிகாரி சொல்லிவிட்டாள். நல்ல உழைப்புள்ள வேறொருவர், இந்தப் பெண்ணுக்கு ஒரு குறை வந்தால் நான் பொறுப்பு என்று அங்கிருந்து சத்தியக் கடதாசி தரவேண்டும். அப்போதுதான் கிறீன் காட்.

என் மகளின் சோற்றுக்கு இன்னொருத்தன் பொறுப்பா?

கேட்ட கையோடு ஏரம்பர் காணி உறுதிகளையெல்லாம் சீலையில் சுற்றிக்கொண்டு ரயிலேறினார். செம்மண் தோட்டம், கிணறு, நாற்சார் வீடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரி எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டினாள். பிறகு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். செல் குண்டு விழுகிற இடத்தில் இந்தக் காணியை இன்றைக்கு யார் வாங்குவார்கள்?

"விக்கவே கொண்டந்தனான்? நாங்கள் ஆரெண்டு காட்டக் கொண்டந்தனான்."

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை.

சொந்தத்தில் லண்டனில் ஆள் இருந்தது. ஜெர்மனியில் இருந்தது. விசாக் கந்தோர் கேட்பதோ அமெரிக்காவில் உழைக்கிற ஆள். அப்படி ஏரம்பர் அறிந்து அங்கே ஒருவன்தான். பூரணத்தின் மருமகன். எஞ்சினியர். அவன் பெயரை உரும்பிராய் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அடுத்த மாதத்துக்குள் கடதாசி போய்ச் சேராவிட்டால் பத்மாசினியின் பைலை மூடிவிடுவார்களாம். பிள்ளை கழுத்தில் தாலியோடு, ஹெலிச் சத்தம் கேட்கிற போதெல்லாம் பங்கருக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறாள். நேற்று மனைவி தங்கமுத்து சாப்பாட்டுக் கோப்பையை வைத்தாள், சோறு போடவில்லை.

"நீங்கள் அரியாலைக்குப் போகாட்டில் நான் போவன்," என்றாள்.

பெண்சாதியை அனுப்புவதைவிடத் தானே போய் அவமானப்படுவது மேல் என்று பட்டது. வந்துவிட்டார்.

பூரணம் தூணோடு சாய்ந்து நின்றாள். சந்தையில் பனங்கிழங்கு ஒடியல் விற்றுப் பெண்ணைப் படிப்பித்தவள். நீ என்றால் காரியம் கெட்டுவிடும். நீங்கள் என்று சொல்ல நாக்கு வளையவில்லை. ஏரம்பர் இரண்டும் வராதபடி வசனம் தேடினார்.

"உந்த மருமகன் ஒரு கையெழுத்து வைச்சால் நல்லது."

"பேரைச் சொல்லுங்கோவன் ஐயா. கேக்க ஆசையாய்க் கிடக்கு."

அவர் படலையைத் திரும்பிப் பார்த்தார். அவளே இரங்கினாள்.

"விசயம் எங்களுக்குத் தெரியும். பஞ்சலிங்கம் அங்கை போய்க் கேட்டவராம். எங்கடை மருமகன் உடனை ஓமெண்டிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகள் போனிலை கதைச்சவள். சம்பளத்துண்டு, பாங்க் கடதாசி எல்லாம் ஆயத்தமாம்."

ஏரம்பருக்கு மூச்சு வந்தது. பின்னாலேயே எரிச்சலும் வந்தது. எல்லாம் முடிந்திருந்தால் இவ்வளவு நேரம் தன்னை ஏன் இந்தக் கதிரையில் குந்த வைத்திருக்கிறாள்? எழும்பினார்.

"இருங்கோ. ஒரு இடம் மட்டும் நிரப்பேல்லையாம். பொம்பிளைக்கு நீர் என்ன முறை எண்டு கேட்டிருக்காம். அதை மட்டும் தானாய் எழுதமாட்டாராம். ஐயாவின்ரை வாயாலை கேட்டுச் சொல்லச் சொன்னவர்."

ஏரம்பர் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"தூரத்துச் சொந்தம் எண்டு போடலாம்."

"தூரத்துச் சொந்தக்காரன் ஏன் பொறுப்பெடுக்கிறான் எண்டு கேப்பாங்களாம்."

"அப்ப, ஒரே ஊர். தெரிஞ்ச ஆக்கள்."

பூரணம் அவரைப் பார்த்தபடி நின்றாள்.

அந்தப் பார்வைக்குத் தப்பத்தான் அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு கலியாணப் படம். பெண்ணைச் சுற்றிப் பூரணமும் அவளது ஆட்களும் நெருக்கியடித்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை முதுகு வளையாமல் நின்றான். அவன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. படம் எடுத்தவன் அந்த வெறும் இடத்தையும் விடாமல் எடுத்திருந்தான்.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அண்ணை," என்றார் ஏரம்பர். சத்தம் சரியாக வரவில்லை. "கூடப்பிறந்த அண்ணை."

"உரத்துச் சொல்லுங்கோ, சம்பந்தியார்," என்றாள் பூரணம்.