நசர்பெக் எடுத்துப்போன படங்கள்

"பாத்தியா தம்பி? இப்பவும் ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு," என்றாள் சவ்சன்.

கம்ப்யூட்டர் திரை கறுத்துக் கிடந்தது. அணைவதற்கு ஒரு நொடி முன்பு வரை அதில் ஒரு கல்யாணப் படம் இருந்ததை, ரிப்பேர் பார்க்க வந்த தெருக்காரப் பையன் கிம்மத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தான். மாப்பிள்ளை நசர்பெக், பக்கத்தில் சிவப்பு முக்காட்டில் சவ்சன். அந்தப் படம் சட்டென்று மறைந்தது. அடுத்த கணம் மெஷினே அணைந்தது.

நசர்பெக் மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போனவன். சாரம் சரிந்து இறந்துவிட்டான், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று இரண்டு வருடத்துக்கு முன் சவ்சனுக்குப் போன் வந்தது. தஜிகிஸ்தானின் மலையூரான கோரோக்கில் அந்தத் தெருவே திரண்டு வந்து, ஊர் வழக்கப்படி இறந்தவனுக்காக விளக்கேற்றித் தொழுதது. கிம்மத்தும் அன்று வந்து துக்க வீட்டுச் சோறு தின்றவன்தான்.

இந்தக் குளிருக்கு ஆறு உறைந்து, ஆற்று மின்நிலையம் நின்றுபோய், பதினோரு நாள் ஊரில் கரண்ட் இல்லை. முந்தாநாள்தான் வந்தது. வந்ததிலிருந்து இந்தக் கூத்து. மெஷினைப் போட்டால் ஏழெட்டு நிமிஷம் ஓடும், நாலைந்து படம் காணாமல் போகும், பட்டென்று அணையும்.

"கரண்ட் வந்த வேகத்துல உள்ள ஏதோ அடிவாங்கியிருக்குக்கா. அதுக்குப் போயி பேய், பிசாசுன்னு..."

"நானா சொல்றேன்? மாமா சொல்றாரு." சவ்சன் குரலைத் தாழ்த்தினாள். "அந்த இன்டர்நெட் லைனைப் புடுங்கிட்டு ஒருதரம் போட்டுப் பாரேன்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா." கிம்மத் சிரித்துக்கொண்டே மூடியின் திருகாணிகளைக் கழற்றினான்.

உள்ளறையிலிருந்து சுவரைப் பிடித்தபடி மாமனார் வந்தார். முப்பது வருடம் மலைப்பாதையில் லாரி ஓட்டிய மனிதர். மகன் போன செய்தி கேட்டுப் படுத்தவர், தினம் மத்தியானம் அவன் படங்களைப் பார்க்க மட்டும்தான் எழுந்து வருவார். இருண்ட திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"நசர், எதுக்குடா இவ இருக்கிற படமாப் பார்த்து எடுக்கிறே? இவளையும் கூட்டிக்கிட்டுப் போகத்தானே?" அவர் கை திரையைத் தடவியது. "இவ சின்னப் பொண்ணு, விட்டுடு. ஆள் வேணும்னா என்னைக் கூப்பிடு. நான் வரேன்."

கிம்மத் திருப்புளியை வைத்துவிட்டு, இதுவரை காணாமல் போன படங்களை நினைத்துப் பார்த்தான். கிழவர் சொன்னது சரிதான். நசர்பெக் தனியாக நிற்கும் படங்கள், பள்ளிக்கூடத்துப் படங்கள், அப்பாவோடு லாரிமேல் உட்கார்ந்திருந்த படம், எல்லாம் பத்திரமாக இருந்தன. சவ்சன் இருந்தவை மட்டும்தான் போயிருந்தன.

"வாங்க மாமா, டீ ஆறிடும்," என்று சவ்சன் அவரைத் தாங்கி உள்ளே கூட்டிப்போனாள்.

கிம்மத் பவர் சப்ளையைப் பிரித்தான். இரண்டு கப்பாசிட்டர்கள் தலை ஊதிப் போயிருந்தன. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. பையிலிருந்து புதிது எடுத்துப் பற்றவைத்து மெஷினைப் போட்டான். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று. அணையவில்லை.

"அக்கா, சரியாயிடுச்சு! பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

சொல்லி வாய் மூடவில்லை. சர்க்கரைப் பாதாமி மரத்தடியில் சவ்சனும் நசர்பெக்கும் நின்றிருந்த படம் அவன் கண்ணெதிரே மறைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் தொடவில்லை.

கிம்மத், "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்துக்கொண்டே, படங்கள் எங்கே போகின்றன என்று மெஷினின் பதிவுகளைத் தோண்டினான். கிடைத்ததை ஒருமுறை படித்தான். நம்பாமல் மறுபடி படித்தான்.

நசர்பெக் ஊரை விட்டுப் போகுமுன் தன் படங்களையெல்லாம் இணையத்தில் ஒரு கணக்கில் சேர்த்து வைத்திருந்தான். அந்தக் கணக்கில் எங்கிருந்து ஒரு படத்தை அழித்தாலும் இங்கேயும் அழியும். யாரோ ஒரு புதுப் போனில் அதைத் திறந்து, இங்கே கரண்ட் இல்லாத பதினோரு நாளும் உட்கார்ந்து அழித்திருக்கிறார்கள். இங்கே மெஷினுக்கு உயிர் வந்தபோதெல்லாம் அது அந்த அழிப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து முடித்துக்கொண்டிருந்தது.

யார் அந்தத் திருடன்? கிம்மத் யோசிக்கும்போதே, காலியான இடத்தில் புதிதாக ஒரு படம் வந்து இறங்கியது.

ஜோடித்த புத்தாண்டு மரத்துக்கு முன்னால் கொஞ்சம் தொப்பை போட்ட நசர்பெக். தோளில் சாய்ந்தபடி யாரோ ஒரு பெண். அவன் கையில் ஒரு கைக்குழந்தை. படத்தின் தேதி, போன வாரம்.

"அக்கா! அக்கா, இங்க ஓடி வாங்க!" கிம்மத் கத்தினான். "நசர்பெக் அண்ணன் சாகல! உயிரோட இருக்காரு!"

சவ்சன் டீக் கிண்ணத்தோடு வந்தாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் அதை மேசைமேல் வைத்தாள். திரையில் இருந்த குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தெரியும் தம்பி. மெதுவாப் பேசு, மாமா காதுல விழுந்துடப் போகுது."