கருப்பட்டிப் பாவு

தேனீப் பெட்டியின் வாசலில் பழுப்புப் பழுப்பாகக் கோடுகள்.

மழைச்சேறு என்றுதான் நேசம் முதலில் நினைத்தாள். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். புளித்த வாடை.

மழை விட்டிருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே மூட்டம் இறங்கி, எது மரம் எது வெறும் காற்று என்று பிரிக்க முடியாத காலை. பெட்டிக்குள்ளிருந்து வரும் இரைச்சல் எங்கோ அடுத்த மலையில் கேட்பதுபோல் கேட்டது.

தரையெல்லாம் தேனீக்கள்.

பறக்கவில்லை, ஊர்ந்தன. வயிறு உப்பி, இறகைத் தூக்கவும் வலுவில்லாமல், ஈர இலைகளின் மேல் ஏறுவதும் சரிவதுமாக இருந்தன.

கால் வைக்க இடமில்லாமல் அவள் அப்படியே நின்றாள்.

மிஞ்சியிருப்பது இந்த ஒரு பெட்டிதான். சீனி வியாதியில் கணவர் தாசையனுக்கு வலது பாதத்தில் பாதியை எடுத்த பிறகு, மற்றவற்றை எல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. இதை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றார். கட்டிலில் கிடந்தபடி தினமும் காலையில் ஒரே கேள்வி.

"பெட்டி இரையுதா?"

இரையுது என்று அவள் சொன்ன பிறகுதான் சாயாவைக் கையில் வாங்குவார். மனிதரின் உயிரைப் பிடித்து வைத்திருப்பது மருந்தும் மாத்திரையும் அல்ல, இந்த இரைச்சல்தான் என்று அவளுக்கு ஓர் எண்ணம். டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார். அதனால் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் பூ கிடையாது. தேனுக்குப் பதிலாகப் பெட்டிக்குள் சிரட்டையில் இனிப்புப் பாவு வைக்க வேண்டும். முன்பெல்லாம் அவரே காய்ச்சி அவரே வைப்பார். அந்த நேரத்தில் மனைவி என்றும் பார்க்காமல் அவளை அடுப்பறையிலிருந்து விரட்டிவிடுவார். இந்த மழைக்குத்தான் அது அவள் கைக்கு வந்தது. பாவு காய்ச்சி வை என்றார். எதில் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கேட்க என்ன இருக்கிறது?

அவர் பாதத்தைத் தின்ற சீனியை அவள் வீட்டுப்படி ஏற விடுவதில்லை. கிறிஸ்துமஸ் கேக்கையே முற்றத்தோடு திருப்பி அனுப்பியவள். அந்த விஷத்தை இந்த வாயில்லாப் பூச்சிகளுக்கு ஊற்றுவாளா?

நல்ல கருப்பட்டியாகத் தேடி எடுத்தாள். தட்டிக் காய்ச்சி, இரண்டு தரம் வடிகட்டினாள். சுக்கும் ஏலமும் சேர்க்கலாமா என்றுகூட யோசித்தாள்.

அவை ஆசை ஆசையாகக் குடித்தன. பார்த்துக்கொண்டே நின்றாள். பெற்ற பிள்ளைக்கு ஊட்டியதுபோல மனம் நிறைந்திருந்தது.

அது போன வாரம்.

உள்ளே வந்தபோது அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். ஜன்னல் வழியாக மூட்டம் அறைக்குள் வந்திருந்தது. கட்டிலும் அவரும் அதில் மிதப்பதுபோலத் தெரிந்தது.

"பெட்டி இரையுதா, நேசம்?"

அவள் சாயாவைக் கட்டிலோரம் வைத்தாள்.

"கருப்பட்டியிலதான் காய்ச்சினேன்" என்றாள். "நல்லதுன்னு நெனச்சுப் போட்டேன். எல்லாம் கீழ விழுந்து கெடக்குது."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கனவில் யாருக்கோ பதில் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"நமக்கு நல்லது. அதுகளுக்க வயிறு வேற. கருப்பட்டிக் கசடு அதுகளுக்குச் செரிக்காது. வயித்தால போயே ஆயுசு முடிஞ்சிரும். வெள்ளைச் சீனிதான் வேணும். இன்னைக்கே."

வெள்ளைச் சீனி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகைக்குப் பக்கத்தில் வரும் சிரிப்பு. இந்த வீட்டில் எறும்புக்குப் போடக்கூட ஒரு சிட்டிகை கிடையாது. கடை, ஆற்றின் மேல் தாழ்வாகக் கிடக்கும் சப்பாத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலத்துக்கு மேலே தண்ணீர். அக்கம்பக்கத்து வீடுகளும் அந்தக் கரையில்தான்.

"நாளைக்குத் தண்ணி வடிஞ்சிரும்" என்றாள்.

"நாளைக்குக் கூட்டம் இருக்காது."

இருவரும் காது கொடுத்தார்கள்.

இரைச்சல் இருந்தது. தேய்ந்து, விட்டு, மறுபடி எழுந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தெரியவில்லை. சாயா ஆறிவிட்டது.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

மெத்தைக்கு அடியில் கையை விட்டார். தேடவில்லை. கைக்கு இடம் பழகியிருந்தது.

ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டிய ஒரு பாக்கெட். பாதிக்கு மேல் காலி. உள்ளே ஒரு சின்னக் கரண்டி.

அதை அவளிடம் நீட்டினார். முகத்தைத் திருப்பவில்லை.

அவள் பாக்கெட்டைப் பார்த்தாள். பிறகு அவர் பாதத்தைப் பார்த்தாள். தினமும் கழுவி, தினமும் கட்டி, இன்னும் ஆறாத புண். இதற்காக எத்தனை டாக்டர்களைச் சபித்திருக்கிறாள். மாதா கோயிலில் எத்தனை மெழுகுவர்த்தி. மருந்தில் கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டை வேறு. பாவு காய்ச்சும்போது அவளை விரட்டியதும் இதற்குத்தானா?

பாக்கெட்டை அவர் முதுகில் வீசி எறியத் தோன்றியது. வாய் நிறைய வசவு வந்தது. ரப்பர் வளையத்தைக் கழற்றினாள்.

அவர் முதுகு மெலிந்திருந்தது. குற்றம் செய்துவிட்டுத் தூங்குவதுபோல் நடிக்கும் முதுகு.

அடுப்பறைக்குப் போனாள். தண்ணீர் வைத்தாள். ஆவி எழுந்தது. சீனியைச் சரித்தாள். சத்தமில்லாமல் உள்ளே போய்க் கரைந்தது.

கடைசியில் கொஞ்சம் இருக்கும்போது கை நின்றுவிட்டது.

இரண்டு கரண்டி தேறும். ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. பாக்கெட்டின் வாயை விரல்கள் தாமாகவே சுருட்ட ஆரம்பித்திருந்தன.

அடுப்பறை கண்ணுக்குத் தெரியாத கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது.

"எனக்குன்னு மிச்சம் வச்சிராத, நேசம். முழுசையும் போட்டுரு."