அலகு பார்த்த பிடி

பட்டறையில் புதிதாய்த் தீட்டிய அலகு ஒன்று, மடக்குக் கத்தியாவதற்குப் பிடி தேடிக்கொண்டிருந்தது. ஆணி அறைந்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பிடிதான்.

பித்தளைப் பிடியில் மயில் ஒன்று தோகை விரித்திருந்தது. அதில் அலகு நிமிர்ந்து நின்றதும், "ஜோடிப் பொருத்தம் அமோகம்! அடித்துவிடட்டுமா?" என்றது சுத்தியல். அதற்கென்ன, எதையாவது அடிக்க வேண்டும்.

அலகுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்தாலும், "ஒரு தடவை மடங்கிப் பார்த்துக்கொள்கிறேன்" என்றது.

மடங்கினால், நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"தோகை கெட்டுவிடுமென்று, நீ மடங்கும் பள்ளத்தை ஆழமாக வெட்டவில்லை. நீதான் நுனியைக் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளேன்" என்றது மயில்பிடி, பிரியமாகவே.

அலகு அதிலிருந்து கழன்று, மூலையில் கிடந்த எருமைக்கொம்புப் பிடியிடம் போனது. "உன்னிடம் இடம் இருக்கிறதா?"

"எனக்கு வேலைப்பாடு எதுவும் கிடையாதே" என்று கூசியது கொம்பு. "வேண்டுமானால் உள்ளே வந்து படுத்துப் பார்."

அலகு படுத்தது. நுனிவரை அடங்கியது.

"சரி, எழுந்து நில்லு. ஜோடி எப்படி இருக்கிறதென்று எல்லோரும் பார்க்கட்டும்" என்றது கொம்பு.

"அப்புறம் பார்க்கட்டும்" என்ற அலகு, அப்படியே தூங்கிப்போனது.