ஒன்றிலும் தோய்க்காத தாள்

"நீங்களே முகர்ந்து பாருங்க முசியே."

சொல்லியேவிட்டாள்.

கேட்கக் கூடாதது அது ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த அன்றே சமையல்கார செலின் அக்கா எச்சரித்திருந்தாள். "என்ன வேணா கேளு. அவர மட்டும் முகரச் சொல்லிராத. நல்லதில்ல."

முசியே பாண்டிச்சேரியில் பிறந்து, பாரிசில் முப்பது வாசனைத் திரவியங்களுக்குப் பேர் வாங்கி, எண்பது வயதில் திரும்பி வந்திருக்கும் பிரெஞ்சுக்காரர். மூக்கு செத்து ஒன்பது வருடம். பாரிசுக்குத் தெரியாது.

அவர் நினைவிலிருந்து அளவுகளை எழுதுவார். அவள் எடை போட்டுக் கலப்பாள். தாளில் தோய்த்து முகர்ந்து, என்ன தெரிகிறது என்று சொல்வாள். அவர் ஓர் எண்ணை அடித்துத் திருத்துவார்.

முப்பத்தொன்றாவது திரவியத்தில் அவர் எண் ஒன்றுகூட இல்லை. மூன்று வருடம். முழுக்க அவள்.

இன்று காலை அதன் லேபிள் வந்தது. அவர் பெயர் மட்டும்.

கேட்டதற்குச் சிரித்தார். "மூக்குக்கு எதுக்குப் பாப்பா தனிப் பேரு?"

அதனால்தான் நீட்டினாள். ஒன்றிலும் தோய்க்காத வெறும் தாள். புளுகட்டும். காப்பி கொண்டு வந்து நிற்கும் செலின் அக்கா முன்னாலேயே அசிங்கப்படட்டும்.

வாங்கினார்.

கண்ணை மூடினார்.

"உப்பு. வெயில்ல காஞ்ச சட்டை. பீடி. வெடிச்ச காலுக்குப் போடுற வேப்பெண்ண."

அப்பா.

மரக்காணத்து உப்பளத்தில் அப்பா நிற்பதை இந்த வீட்டில் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பிடுங்கி முகர்ந்தாள்.

ஒன்றுமில்லை. காகித வாசனைகூட இல்லை.

முப்பத்தொன்றைத் திறந்தாள். தண்ணீர் மாதிரி இருந்தது. கிராம்பு எண்ணெயைத் திறந்தாள். அதுவும்.

கீழே அடுப்பில் ஏதோ தீய்ந்து புகை மேலே வந்தது. செலின் அக்கா இருமினாள். இவளுக்குக் கண் மட்டும் எரிந்தது.

"மாதாவே," என்று சிலுவை போட்டுக்கொண்டாள் செலின் அக்கா.

கிழவர் அலமாரியோரம் போய்விட்டிருந்தார். ஒவ்வொரு குப்பியாகத் திறந்து முகர்ந்தார். அழுதார். அடுத்ததைத் திறந்தார்.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம் பாப்பா."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்தாள். நாற்பத்திரண்டு சரக்குகள். நாற்பத்திரண்டு அளவுகள். நினைவிலிருந்து நிறுத்தாமல் எழுதினாள். எழுத எழுத ஒவ்வொன்றும் தலைக்குள் மணந்தது.

மடித்துப் பையில் வைத்தாள்.

இனி முகர ஒருத்தி இருந்தால் போதும்.

படித்தவளாக. வீட்டில் கஷ்டமுள்ளவளாக.

கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினாள். எதிரே கல்லூரி விட்டுப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.