ஹஜ்ரத் சொன்னால் சொன்னதுதான்

"அதெல்லாம் முடியாது! பாடம் ஒப்பிக்காம யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது."

உமைர் ஹஜ்ரத் மேஜையை ஓங்கித் தட்டினார். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அந்த மதரஸாவில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆளுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அதட்டலைக் கேட்டால் அறுபது என்று தோன்றும்.

எதிரே கைகட்டி நின்றார் நிஜாமுதீன். துபாயில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர். இனியாவது குர்ஆனைத் திருத்தமாக ஓதுவோம் என்று ஆசைப்பட்டு, பொடிப் பசங்களோடு பசங்களாக ஹாஸ்டலில் சேர்ந்திருந்தார். பாவம், பாடம்தான் மண்டையில் ஏறவே மாட்டேன் என்றது.

"நாளைக்கு என் பொண்ணு ஹுமாவுக்கு நிக்காஹ், ஹஜ்ரத். வானூர்ல பந்தல் போட்டாச்சு. ரெண்டு நாள் லீவு கொடுங்க."

ஹஜ்ரத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நிக்காஹ் நாளைக்குத்தானே? இன்னைக்கு ஒப்பிச்சிட்டுப் போங்க."

"காலையிலேர்ந்து ஓதறேன். பாதியில வந்து நின்னுடுது."

அலமாரிக்குள் பூட்டிக் கிடந்த நிஜாமுதீனின் செல்போன் அலறியது.

"அமீனாதான். விட்டா வீட்டுக்காரி இங்கயே வந்துடுவா, ஹஜ்ரத்."

"யார் வந்தா என்ன? உங்களுக்கு மட்டும் லீவு கொடுத்தா, ஆள் பார்த்துக் கொடுத்துட்டார்னு ஊரே பேசும்."

பின்வரிசைப் பசங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நிஜாமுதீனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே பெண். அவள் நிக்காஹை அத்தா பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? கண்ணைத் துடைத்தவருக்குச் சட்டென்று ஏதோ தோன்றியது. சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சரிங்க ஹஜ்ரத். உஸ்தாது பேச்சைத் தட்டக் கூடாது. நான் போகல. ஒரே ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"பொண்ணோட அத்தா வாயால சம்மதம் சொன்னாத்தான் நிக்காஹ்னு போன வாரம் பாடம் எடுத்தீங்களே?"

"ஆமா. அதுல என்ன சந்தேகம்?"

"அந்தப் பாடம் மட்டும் எனக்கு நல்லா ஏறிடுச்சு. அத்தா நான் இங்கயே உக்காந்துட்டா, நாளைக்கு அங்க மாப்பிள்ளையா உக்காரப் போற நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஹஜ்ரத் அலமாரிச் சாவியை அவசரமாகத் தேடினார்.

"பாடத்தை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல நீங்க கிளம்புங்க, மாமா!"