கிடங்கு வாசலில் செம்பி

கோடை விடுமுறையில் வேலை பழகப் பெருச்சாளியின் தானியக் கிடங்கில் சேர்ந்தது செம்பி என்ற அணில். காட்டு விலங்குகள் தங்கள் தானியத்தை அங்கே போட்டுவைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். வாசலில் உட்கார்வதைத் தவிர செம்பிக்கு வேறு வேலையே இல்லை. சலிப்பில் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்தது. பாதிக் கிடங்கு வெறுமையாக இருந்தது.

“மீதியை விதைக்கக் கடன் கொடுத்திருக்கேன். மழைக்கு அப்புறம் திரும்பி வரும்,” என்றது பெருச்சாளி.

மறுநாளே கிடங்கு காலி என்று வதந்தி பரவியது. போட்ட தானியம் முழுவதையும் திரும்பக் கேட்டுக் கூட்டம் வாசலை அடைத்தது.

“எப்பவும்போலக் கொட்டாவி விட்டுக்கிட்டு உட்காரு. நிறைஞ்சிருக்குன்னு நம்பிப் போயிடுவாங்க,” என்று பெருச்சாளி உள்ளிருந்து கிசுகிசுத்தது.

செம்பி கொட்டாவி விட்டது. கூட்டம் கொஞ்சம் தணிந்தது. அப்போது செம்பியின் அம்மா முன்னால் வந்தது.

“செம்பி, நம்ம தானியம் உள்ளே இருக்கா?”

செம்பி கொட்டாவியை நிறுத்தியது. “கிடங்குல பாதிதாம்மா இருக்கு. மீதி விதைக்கப் போயிருக்கு. மழைக்கு அப்புறம்தான் வரும்.”

உள்ளே பெருச்சாளி மூச்சை அடக்கிக்கொண்டது.

“அப்படின்னா நான் மழைக்கு அப்புறம் வர்றேன்,” என்று அம்மா வீட்டுக்குத் திரும்பியது.

பின்னால் நின்ற முயல் கதவைப் பார்த்தது. அம்மா அணில் போன வழியையும் பார்த்தது.

“எனக்கு இன்னிக்கு ஒரு பிடி போதும்,” என்றது.